பிரெஞ்சு நடிகருக்கு நான் தயாரித்த பயோடேட்டா

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்து, "இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்று சொல்கிறான். அப்போது அவன் அம்மா என்ன சொன்னாள்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அந்தப் பையன் எனக்கு உறவு இல்லை. பிரான்சில் ஏதோ ஒரு துறைமுக ஊரில் பிறந்தவன். இப்போது வயதாகிவிட்டது, பெரிய திரைப்பட நடிகர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களை இன்னும் பல ஊர்களில் திரையிடுகிறார்களாம். நான் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அவர் நடிகர் ஆவதற்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றி ஷார்ஜாவில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் இருக்க வாய்ப்பில்லை. அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் குடும்பத்தில் யாராவது தமிழ் கற்றுக்கொண்டு இதைப் படித்து வருத்தப்பட்டால் என்ன செய்வது? அப்படியெல்லாம் நடக்காது என்கிறார் என் கணவர். நடக்காது என்று அவர் சொன்ன பல விஷயங்கள் நடந்திருக்கின்றன.

நாங்கள் பிரெஞ்சுக்குள் விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளி. அரபி எல்லாருக்கும் உண்டு. அதற்குமேல் இந்தி, மலையாளம், பிரெஞ்சு மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். தமிழ் அந்தப் பள்ளியில் இல்லை. இந்தி எடுத்தால் கணவர் உதவுவார் என்று முதலில் நினைத்தேன். அவர் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். நாள் முழுக்க இந்தியில்தான் வேலை வாங்குகிறார். சோதித்துப் பார்த்தபோது அவருடைய இந்தி, "பாய், ஜல்தி, கன்டெய்னர் ஆகயா" என்பதோடு முடிந்தது. அம்மாக்கள் குரூப்பில் கேட்டேன். "பிரெஞ்ச் இஸ் எ ஸ்கோரிங் சப்ஜெக்ட்" என்று ஒருவர் போட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். வீட்டில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை தெரியாத மொழியில் பிள்ளை எப்படி மார்க் வாங்கும் என்று அந்த குரூப்பில் யாரும் கேட்கவில்லை. கணிதத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிய நானும் கேட்கவில்லை. நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

அதனால் இப்போது நானும் பிரெஞ்சு படிக்கிறேன். காலையில் மகளை பஸ் ஏற்றிவிட்டு, குக்கரை வைத்துவிட்டு, வீடியோ போட்டுப் பாடம் கேட்பேன். தொண்டையிலிருந்து எடுக்க வேண்டிய ஓர் எழுத்து இருக்கிறது. அதைப் பழகிக்கொண்டிருந்த முதல் வாரம், பக்கத்து ஃபிளாட் பாகிஸ்தானி அக்கா கதவைத் தட்டி இருமலுக்குத் தேனும் இஞ்சியும் கொடுத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. என் மகள் பள்ளியில் பேசமாட்டாள். வீட்டில் பேசுவாள். லிஃப்டில் இரண்டு மாடி தாண்டியதும் குரல் இறங்கும். பஸ்ஸில் ஏறும்போது வாய் மூடியிருக்கும். பெற்றோர் சந்திப்புக்குப் போனால் எல்லா ஆசிரியர்களும் ஒரே வாக்கியத்தைத்தான் வைத்திருப்பார்கள்: "குட் சைல்டு, பட் வெரி க்வயட்." முதல் பாதியைக் கேட்டுக் கணவர் சந்தோஷப்படுவார். இரண்டாம் பாதியைக் கேட்டு நான் வீட்டுக்கு வந்து காரணம் தேடுவேன். ஒரே பிள்ளையாக வளர்வதாலா? வீட்டில் தமிழ் பேசுவதாலா? ஆறு மாதத்திலேயே பால் பவுடர் கொடுத்ததாலா? பதினான்காவது மாடியில் குடியிருப்பதாலா? நான் அதிகம் பேசுவதால் அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லையோ என்ற காரணம் எனக்குத் தோன்றவில்லை. அதைக் கணவர்தான் கண்டுபிடித்தார். அன்று அவருக்குச் சப்பாத்தி சூடாகக் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சொன்னாள். "அம்மா, நான் கை தூக்கினேன்."

எனக்குப் புரியவில்லை. எங்கே அடிபட்டது என்று கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அடி இல்லம்மா! க்ளாஸ்ல. ஐ ரெய்ஸ்டு மை ஹேண்ட்."

பிரெஞ்சு வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பிரான்சைச் சேர்ந்த யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவராகவே மேடையில் வந்து, தன் ஆரம்பகால வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். புகழ் வருகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முதல் சில வரிகள் பிரெஞ்சில், மிச்சம் ஆங்கிலத்தில். பெற்றோர் பார்க்க வரலாம். மற்றப் பிள்ளைகள் விஞ்ஞானி, ஓவியர், கால்பந்து வீரர் என்று பிடித்துக்கொண்டார்கள். என் மகள் கை தூக்கி, அந்த நடிகர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"அவரை உனக்கு எப்படித் தெரியும்?"

"மதாம் ஒரு க்ளிப் போட்டாங்க. அவர் பஸ்ஸுக்கு வெயிட் பண்ணுவார். ஒண்ணுமே பேசமாட்டார். ஆனா பஸ் வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அது நமக்கும் தெரியும். வாயே திறக்கலம்மா!"

வாய் திறக்காமல் ஒரு மனிதர் இவ்வளவு பெரிய ஆளாகியிருக்கிறார் என்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. நான் அதைப் பார்க்கவில்லை. விஞ்ஞானியை எடுத்திருக்கலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்த நடிகரைத் தேட உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா ஒரு சலவைக் கடையில் துணி தேய்த்தாள். பையனை ஒரு பள்ளியிலிருந்து துரத்தினார்கள், இன்னொரு பள்ளியிலிருந்து அவனே ஓடினான். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்தினான். துறைமுகத்தில் ஆரஞ்சுப் பெட்டி தூக்கினான். பிறகு ஒரு காபிக் கடையில் பரிமாறினான். வாடிக்கையாளர்கள் நடக்கிற மாதிரியே அவர்கள் பின்னால் நடந்து காட்டியதால் அங்கிருந்தும் துரத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குமேல் ஒன்றுமே செய்யவில்லை. சும்மா திரிந்தான் என்றே எல்லா இடத்திலும் போட்டிருந்தது. பிறகு மீன் லாரியில் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் பாரிஸ் போனான். நடிப்புப் பள்ளியில் முகம் சரியில்லை என்றார்கள். அடுத்த முறை குரலும் சரியில்லை என்றார்கள். ஒரு நாடகத்தில் பிணமாகப் படுக்கும் வேடம் கிடைத்தது. அந்தப் பிணத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள் என்று ஒரு கட்டுரை சொன்னது. அவர் முதன்முதலில் நடித்த படத்தில் முதுகு மட்டும்தான் தெரியும். அதற்கு அடுத்த படத்தில் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டது.

இந்த வாழ்க்கையை என் மகள், 'நான்' என்று சொல்லி மேடையில் பேச வேண்டும். நான் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டேன். நான் ஓடினேன். நான் சும்மா திரிந்தேன். முதல் வரிசையில் பிரின்சிபால்.

இங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன்.

வளைகுடாவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வாழ்க்கை வரலாறு என்றால் ஒன்றே ஒன்றுதான், பயோடேட்டா. இங்கே வந்த நாளிலிருந்து நான் எழுதியதெல்லாம் அதுதான். கணவருக்கு எழுதியிருக்கிறேன். அவருடைய ரூமில் முன்பு தங்கியிருந்த நண்பர்களுக்கு எழுதியிருக்கிறேன். சவூதியில் அல் கோபாரில் இருக்கும் அவர் தம்பிக்குப் போனிலேயே சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். அதில் முதல் விதி, இடைவெளி இருக்கக் கூடாது. ஊரில் எட்டு மாதம் வேலை இல்லாமல் கிரிக்கெட் ஆடியவனை, "குடும்பத் தொழிலில் உதவி" என்று போட வேண்டும். என் பயோடேட்டாவிலேயே மகள் பிறந்ததிலிருந்து பெரிய இடைவெளி இருக்கிறது. அதை ஒரு முறை 'ஹோம் மேனேஜ்மென்ட்' என்று நிரப்பினேன். இன்டர்வியூவில் இருந்தவர் மற்ற எல்லாவற்றையும் தாண்டி அந்த வரியில் விரலை வைத்து, "இது எந்த கம்பெனி?" என்று கேட்டார்.

ஆகவே அந்த நடிகரின் இடைவெளிகளை நான் நிரப்பினேன். பெட்டி தூக்கியது, "துறைமுகச் சரக்குப் பிரிவில் நேரடி அனுபவம்" ஆனது. காபிக் கடை, "விருந்தோம்பல் துறை, வாடிக்கையாளர்களை நுட்பமாகக் கவனிக்கும் திறன்." சும்மா திரிந்த காலத்தை, "சுயமுன்னேற்றப் பயிற்சி" என்று போட்டேன். மீன் லாரியை எடுத்துவிட்டு, "உயர்கல்விக்காகப் பாரிஸ் சென்றேன்" என்று எழுதினேன். பள்ளியிலிருந்து துரத்தப்பட்டது வரவே இல்லை. பிணமாகப் படுத்ததற்குத்தான் நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. நீண்ட நேரம் யோசித்து, "முக்கியமான துணைக் கதாபாத்திரம்" என்று வைத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அந்தப் பையன்மேல் மரியாதை வந்தது.

கணவர் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுக்கொண்டே படித்தார். அவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், சிரித்தால் புரையேறும்வரை சிரிப்பார்.

"ஏட்டி, இவனுக்கு விசா அடிச்சிரலாம் போலயே! எங்க கிடங்குல ஆள் கேக்காவ."

"கிண்டல் பண்ணாதீங்க. எது தப்புன்னு சொல்லுங்க."

"தப்பு ஒண்ணும் இல்ல. கடைசியில, 'டிரைவிங் லைசென்ஸ் உண்டு, உடனே சேரத் தயார்'னு ஒரு வரி போட்டுரு."

"பிள்ளை மேடையில நின்னு, பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிட்டேன்னு சொல்லவா?"

"ஓடினது அவ இல்லயே. அந்தப் பயதானே ஓடினான்."

இது சரியான பதில் என்று தெரிந்ததால் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது கருத்து கேட்போம் என்று பிரெஞ்சு ஆசிரியைக்கு மெசேஜ் அனுப்பினேன். மதாம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். டைரியில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ வெளிநாட்டுக்காரர் என்று நானே முடிவு செய்திருந்தேன். நல்ல ஆங்கிலத்தில், நான்கு முறை திருத்தி, "அவர் படிப்பை நிறுத்தினார் என்பதை, குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கல்வியில் ஓர் இடைவேளை எடுத்தார் என்று மாற்றிக்கொள்ளலாமா?" என்று பணிவாகக் கேட்டிருந்தேன்.

பதில் குரலாக வந்தது. காரைக்கால் தமிழ்.

"அம்மா, வணக்கம். அவரு பள்ளிக்கூடத்த விட்டு ஓடித்தான் போனாரு. ஓடினேன்னே சொல்லட்டும்மா. பிரெஞ்சுல அது சின்ன வார்த்தை, அவளுக்கும் சுலபம். இடைவேளைன்னா வாய்ல நுழையாது."

இத்தனை மாதம் இவரிடம் நான் "குட் மார்னிங், ஐ ஆம் தி மதர் ஆஃப்" என்று மெசேஜ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தோடு நான் திருந்தியிருப்பேன் என்று நினைத்தால் என்னை உங்களுக்குத் தெரியாது. ஆசிரியைக்கு என்ன, அவர் சொல்லிவிடுவார். நாளைக்குப் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் யார் சமாளிப்பது? ஓடினேன் என்பதை மட்டும் சேர்த்துவிட்டு, மற்றதை அப்படியே வைத்தேன். பிரெஞ்சு வரிகளைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதினேன். சோபாவில் உட்கார்ந்து, மகளை டிவி முன்னால் நிற்கவைத்து ஒத்திகை ஆரம்பித்தேன்.

அவள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நான்தான் நிறுத்திக்கொண்டே இருந்தேன். நேராக நில். கையைப் பிசையாதே. சத்தமாக. இவ்வளவு சத்தம் வேண்டாம். சிரித்த முகம். அப்பா விட்டுப்போன இடத்தில் சிரிக்காதே. தொண்டையிலிருந்து, தொண்டையிலிருந்து. இரண்டாவது நாள் அவள் குரல் லிஃப்டில் இறங்குவது போல இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது நாள் அட்டையை டீப்பாய்மேல் வைத்துவிட்டு, தெளிவாகச் சொன்னாள்.

"நீயே போய்ச் சொல்லு. நான் போகல. கலாஸ், முடிஞ்சுது."

"என்னம்மா, நல்லாத்தானே பண்ற..."

"இது அவர் இல்ல. இது அப்பாவோட சிவி."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பள்ளியில் அவள் முதல் முறையாகக் கை தூக்கியிருக்கிறாள். அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டது நான். இனி அவள் தூக்கவே மாட்டாள். பத்தாம் வகுப்பிலும் தூக்கமாட்டாள், வேலைக்குப் போகும் இடத்திலும் தூக்கமாட்டாள், முப்பது வயதில் ஏதோ ஓர் அலுவலகத்தில் தண்ணீர் வேண்டுமென்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பாள். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அவளுக்கு ஐம்பது வயதுவரை நான் யோசித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு விடுமுறை. என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். எழுந்துபோய்ப் பால்பாக்கெட் அடுக்கியிருந்த பெரிய அட்டைப்பெட்டியைச் சமையலறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து ஹாலில் வைத்தார்.

"பாப்பா! இங்க வா. அந்த ஆளு பெட்டி தூக்கினான்லா? எப்படித் தூக்கியிருப்பான்னு அப்பா காட்டுதேன்."

கதவு கொஞ்சம் திறந்தது.

"கால மடக்கணும். முதுகு வளையக் கூடாது. பெட்டிய நெஞ்சோட சேத்து, பிள்ளையத் தூக்குத மாதிரி... பாரு... இப்படி..."

தூக்கினார். பாதியிலேயே நின்றார். முகம் கோணியது. அவர் சூப்பர்வைசர் ஆகிப் பல வருடமாகிவிட்டதை இடுப்பு நினைவுபடுத்திவிட்டது.

"அப்பா, வாட் ஹேப்பன்ட்?"

"ஒண்ணும் இல்ல. பெட்டிய மட்டும் யாராவது வாங்குங்க."

நானும் அவளுமாக வாங்கி இறக்கினோம். அவரைச் சோபாவில் குப்புறப் போட்டுத் தைலம் தேய்க்கும்போது மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்துவிட்டு, அந்த வாரம் முழுக்க மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அம்மா, அவர் ஸ்கூல் போகமாட்டேன்னு சொன்னப்ப, அவங்க அம்மா என்ன சொன்னாங்க?"

"தெரியலம்மா. பாத்துச் சொல்றேன்."

தைலக் கையோடு போனை எடுத்துத் தேடினேன். எங்கேயும் இல்லை. அவர் சாப்பிட்ட ரொட்டி இருக்கிறது, போட்ட கோட்டு இருக்கிறது, மீன் லாரியின் நாற்றம்கூட ஒரு பேட்டியில் இருக்கிறது. அந்த அம்மா ஒரே வரியில், துணி தேய்த்தாள் என்று வந்து போகிறாள். பிள்ளைக்கு இவ்வளவு நடந்திருக்கிறது, பெற்றவளிடம் ஒருவர்கூடப் போய்க் கேட்கவில்லை.

"போடலம்மா."

"அப்ப நீ சொல்லு. நான் வந்து, இனிமே ஸ்கூல் வேணாம், நான் ஆக்டராகப் போறேன்னு சொன்னா, நீ என்ன சொல்லுவ?"

குழந்தை வளர்ப்பு வீடியோக்கள் நிறையப் பார்த்தவள் நான். சிரித்த முகத்தோடு ஆரம்பித்தேன். "உனக்கு எது பிடிக்குதோ அதைச் செய்மா. அம்மா கூடவே இருப்பேன்." நன்றாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா பன்னிரண்டாவது முடிச்சிடு. டிகிரி ஒண்ணு கையில இருந்தா நல்லது. எந்த டிகிரின்னாலும் பரவாயில்ல, மேத்ஸ்னா ரொம்ப நல்லது. ஏன் ஸ்கூல் வேணாங்கிற? யாராவது ஏதாவது சொன்னாங்களா? பஸ்லயா? நான் ஏதாவது சொன்னேனா? சரி, அதைப் பத்தி அப்புறம் பேசலாம். சாப்டியா? முகம் ஏன் வாடியிருக்கு? காய்ச்சல் அடிக்குதா?" நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். அவளுக்குக் கண் எரிந்தது. கையில் தைலம் இருந்ததை மறந்துவிட்டேன்.

கணவர் சோபாவில் முகம் புதைத்தபடி குலுங்கிக்கொண்டிருந்தார். மகள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓகே. நான் பண்றேன். ஆனா நீ எழுதக் கூடாது, ப்ராக்டிஸும் பாக்கக் கூடாது" என்றாள். அட்டையைக் கேட்டு வாங்கி, குப்பைத் தொட்டியில் அவளே போட்டாள்.

அன்றிலிருந்து மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ நடந்தது. பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. பேச்சு வரும் வரும் என்று சலவை செய்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். யாராவது பார்த்தால் துணி வைக்க வந்ததாகச் சொல்லிவிடலாம். ஒரே துணியை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன்.

நிகழ்ச்சி புதன்கிழமை காலை. கணவர் பர்மிஷன் போட்டு, இடுப்பில் பெல்ட்டோடு வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் ஒரு விஞ்ஞானி வந்தான், பிறகு ஓர் ஓவியர், தொடர்ந்து இரண்டு கால்பந்து வீரர்கள். எல்லாரும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் இடைவெளியே இல்லை. அந்த அம்மாக்களும் என்னைப் போலத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டவுடன் தெரிந்தது.

பிறகு என் மகள். அப்பாவின் பழைய குளிர்கால கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையில் அட்டைப்பெட்டி. மேடையின் நடுவில் பெட்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். பேசவில்லை.

மறந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். முதல் வரி எனக்குத் தெரியும். மூன்றாவது வரிசையிலிருந்து வாயை அசைத்துக் காட்டினேன். கொஞ்சம் சத்தமும் வந்துவிட்டது போலிருக்கிறது. ஓரத்தில் நின்ற மதாம் என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். கணவர் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆறுதலுக்காக அல்ல, எழுந்துவிடுவேன் என்று.

மேடையில் அவள் காலை மடக்கினாள். முதுகை வளைக்காமல் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். வெறும் பெட்டிதான். ஆனால் அவள் தூக்கிய விதத்தில் அதற்குள் ஆரஞ்சு இருந்தது. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வைத்தாள். பாதி வழியில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அப்பா மாதிரியே முகத்தைக் கோணினாள். அரங்கில் சிரிப்பு எழுந்தது. கணவர் என் கையை விட்டுவிட்டார். அப்புறம்தான் அவள் பேசினாள். நான் இந்த ஊரில் பிறந்தேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். சின்னச் சின்னப் பிரெஞ்சு வாக்கியங்கள். கடைசி வரிசைக்கும் கேட்டது. பிறகு ஆங்கிலத்தில், "ஒரு நாள் என் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்" என்றாள்.

கோட்டைக் கழற்றித் தோளில் துப்பட்டா மாதிரி போட்டுக்கொண்டாள். நாலு எட்டு வேகமாக நடந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நடக்கிற நடை. கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். இல்லாத பையனைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"இட்ஸ் யுவர் சாய்ஸ், மை டியர். பட் ஃபினிஷ் ட்வெல்த். யார் என்ன சொன்னா? பஸ்லயா? ஈஸ் இட் பிகாஸ் ஆஃப் மீ? ஓகே, லேட்டர். டிட் யூ ஈட்?" இல்லாத நெற்றியில் கைவைத்தாள். இல்லாத போனை எடுத்து, 'மகன் பள்ளி போகமாட்டேன் என்றால் என்ன செய்வது' என்று இல்லாத எழுத்துகளைத் தட்டினாள்.

அரங்கம் அதிர்ந்தது. மலையாளி அம்மா, குஜராத்தி அம்மா, எனக்கு முன் வரிசையில் இருந்த ஹைதராபாத் அம்மா, எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஹைதராபாத் அம்மா திரும்பி என்னிடம், "எக்ஸாக்ட்லி மை மதர்-இன்-லா" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆனால் அவள் அங்கே முடிக்கவில்லை. அந்த அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. மூடினாள். திரும்பிப் போய், இல்லாத குழாயைத் திறந்து, ஒரு தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள். மூடியை இறுக்கினாள். இரண்டாவது தடவையும் இறுக்கிப் பார்த்தாள். பாட்டிலை நீட்டிக்கொண்டே திரும்பினாள். பையன் போய்விட்டிருந்தான். பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, மீன் லாரியில் ஏறி, பாரிஸ் போய், பிணமாகப் படுத்து, முதுகைக் காட்டி, கடைசியில் திரும்பிப் பார்த்து வணங்கினாள். நான் அதையெல்லாம் சரியாகப் பார்க்கவில்லை. கணவர் சொல்லித்தான் தெரியும். நான் இன்னும் அந்தப் பாட்டிலிலேயே இருந்தேன். தினமும் காலையில் பஸ் வாசலில் அந்த மூடியை இரண்டு தடவை இறுக்குவது நான். அவள் கவனிப்பாள் என்று நினைத்ததே இல்லை.

வெளியே வந்தபோது மதாம் என்னைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இந்தப் பிள்ளையா பேசாத பிள்ளை? துபாயில பிள்ளைங்களுக்கு ஒரு நாடக வகுப்பு இருக்கு, சனிக்கிழமை காலையில. அடுத்த டேர்ம் சேத்துவிடுங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

"சனிக்கிழமை அபாகஸ் இருக்கே, மதாம்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. அபாகஸும் அம்மாக்கள் குரூப்பில் கட்டைவிரல் வாங்கியதுதான்.

மகள் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள். "அம்மா, நிஜமாவே சொல்லு. எனக்கு அபாகஸ் வேணாம். நான் ஆக்டராகணும். நீ என்ன சொல்ற?"

கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவ்வளவு கவனமாக அவர் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்தேன். பிறகு கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பின்னால் நீட்டினேன். "முதல்ல தண்ணி குடி."

வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, "ஐ ஆம் ஸ்டில் ஹியர்" என்றாள்.

அடுத்த டேர்ம் தொடங்கும்வரை எனக்குத் தவணை கொடுத்திருக்கிறாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாருடைய பிள்ளையாவது வந்து இப்படிக் கேட்டிருந்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். இடைவெளி இருந்தால் நிரப்ப வேண்டாம், அப்படியே விடுங்கள். "பிள்ளையை அவள் போக்கில் விடு" என்றும், "முதலில் படிப்பு" என்றும் மட்டும் அனுப்பாதீர்கள். அந்த இரண்டையும் நானே ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவேன். உங்களில் யாருக்காவது பிரெஞ்சு நன்றாகத் தெரிந்து, பழைய பேட்டி எதிலாவது அந்தச் சலவைக் கடை அம்மா அன்றைக்கு என்ன சொன்னாள் என்று படித்திருந்தால், தயவுசெய்து அதை முதலில் அனுப்புங்கள்.